சனிக்கிழமை இரவு பாம்புப் படம் பார்ப்பது எப்படி

படத்தை வியாழக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் சனி பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் பிற்போடக் கூடாது. சனி இரவு சாப்பிட்டு முடித்து, ரிமோட்டைக் கையில் எடுத்த பிறகு "என்ன பார்ப்பம்" என்று யோசிக்கத் தொடங்கினால், தள்ளித் தள்ளித் தேடுவதிலேயே ஒன்பதரை மணியாகிவிடும். அதைவிட மோசம், அந்த நேரம் பார்த்து வெட்கம் வந்து குறுக்கே நிற்கும். விருது வாங்கிய படம் ஒன்று கண்ணில் படும். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நாங்கள் இன்னும் பார்க்கவில்லையே என்று அதைப் போடுவீர்கள். கதாநாயகன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உங்களுக்கு நித்திரை வந்துவிடும்.

நான் வியாழக்கிழமை ஓய்வுப் பாடவேளையில், பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். பெயரை முழுதாக எழுதுவதில்லை, முதலெழுத்து மட்டும்தான். அந்தக் கொப்பியை அதிபர் எடுத்துப் பார்ப்பதுண்டு.

ஒளிக்க வேண்டிய காரணம் எனக்கு இருக்கிறது. நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, நிலத்தின் அதிர்வு தாடை எலும்பு வழியாக உட்காதுக்குப் போகிறது, மகுடியின் இராகத்தை அது இரசிப்பதில்லை, மகுடி ஆடுகிற ஆட்டத்தைத்தான் கவனிக்கிறது என்று வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிறேன். அது பால் குடிக்கப் பிறந்த பிராணி அல்ல, அதன் தலைக்குள் மாணிக்கம் இல்லை, தன் சோடியைக் கொன்றவனின் முகத்தைக் கண்ணுக்குள் படம்பிடித்து வைத்துப் பழிவாங்குவதும் இல்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு முற்றத்துக் கொட்டிலில் கடைசி ரியூசன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். எட்டரைக்கு நான் மகுடிக்கு ஆடி, பால் குடித்து, மாணிக்கத்தைக் கக்கி, கொலைகாரனை ஏழு ஊர் தாண்டித் தேடிப் போகிற நாகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வில்லன் ஜீப்பில் தப்பப் பார்ப்பான். ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்டு அது இருக்கும்.

உங்களுக்குப் பாம்பு பிடிக்க வேண்டும் என்றில்லை. ஆளுக்கொரு பலவீனம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் படிப்பிக்கிற ஒருவருக்கு, கதாநாயகன் காலால் உதைக்க இருபது பேர் பறந்துபோய் வைக்கோல் வண்டியில் விழ வேண்டும். சொந்தத்தில் ஒரு டொக்டர் இருக்கிறார், தங்கச்சிக்காக அண்ணன் உருகுகிற படங்களுக்கு அழுவதற்கென்றே துவாய் வைத்திருக்கிறார். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் இப்படிப் பாருங்கள்: யாராவது அறைக்குள் வந்தால் எந்தப் படத்தில் உங்கள் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறதோ, அதுதான்.

எந்தப் படம்

ஏற்கெனவே பார்த்த படமாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிய படம் என்றால் கதை எங்கே போகிறது என்று மூளை வேலை செய்யும். கிழமை முழுக்க வேலை செய்த மூளைக்கு அது வேண்டாம். அடுத்ததாக எந்த இடத்தில் இடி இடிக்கும், எந்த இடத்தில் வேப்பிலை பறக்கும் என்று தெரிந்துகொண்டு காத்திருக்கிற சுகம் வேறு.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் அம்மன் படத்தைத்தான் சொல்வேன். வீட்டில் யாரும் தடுக்க முடியாது, சாமிப் படம். 1995இல் தெலுங்கில் 'அம்மோரு' என்று வந்து தமிழுக்கு 'அம்மன்' ஆன படம் நல்ல தொடக்கம். கோடி ராமகிருஷ்ணா இயக்கியது, பக்தையாகச் சௌந்தர்யா, தெய்வமாக ரம்யா கிருஷ்ணன். கிராபிக்ஸ் நம் படங்களில் புதிதாக இருந்த காலம் என்பதால், அதைச் செய்தவர்கள் எவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும். கடைசிக் கட்டத்தில் ரம்யா கிருஷ்ணனின் கண்களைப் பார்த்துவிட்டு யாராவது சிரித்தால், அவர்களோடு நான் கதைக்க மாட்டேன்.

அடுத்த படி ராம நாராயணன். 2014இல் காலமான இந்த மனுசன் நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தவர். யானை, பாம்பு, குரங்கு, நாய் எல்லாவற்றுக்கும் கதாநாயகனுக்குச் சமமான வேடம் கொடுத்தவர். 1990இல் வந்த 'ஆடி வெள்ளி' அவருடையதுதான். இவர் படங்களில் மனிதர்கள் நடிப்பது சுமார். மிருகங்கள் ஒருநாளும் மிகை நடிப்பு நடிப்பதில்லை, அதைக் கவனித்துப் பாருங்கள்.

இதெல்லாம் பழகிய பிறகு மாயாஜாலப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் விட்டலாச்சார்யாவிடம் போகலாம். 1978இல் வந்த 'ஜகன்மோகினி'யில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்து எரித்துச் சமைக்கிற பேயை ஒருதரம் பார்த்தவர்கள் மறப்பதில்லை. காஸ் விலை ஏறும்போதெல்லாம் என் மச்சாள் அந்தக் காட்சியை ஞாபகப்படுத்துவாள்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் பாம்புப் படத்தைப் பார்ப்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் இருக்கிறாள். வடமராட்சி கிழக்கில் ஓர் ஊரின் பெயரே நாகர்கோவில். வளவுக்குள் நாகம் வந்தால் அடிக்க விடாமல், கற்பூரம் கொளுத்தி "போ தாயே" என்று சொல்லி அனுப்பிய அம்மம்மாவின் பேத்தி நான். பிறகுதான் விலங்கியல் படித்தேன். இரண்டும் தலைக்குள் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன, இதுவரை சண்டை பிடித்ததில்லை.

படம் தெரிவானதும், அது எந்த நிலையில் கிடைக்கிறது என்று பாருங்கள். பழைய படங்கள் பலவற்றை யூரியூப்பில் முழுதாகப் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரே படத்துக்குப் பல பிரதிகள் இருக்கும். நேரத்தைப் பாருங்கள்: இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் பாட்டுகளை வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிட்டிருப்பார்கள், நாகம் மலைப்பாம்பு மாதிரித் தடித்துத் தெரியும். நடுவில் ஒரு இடத்தைத் தட்டி, குரலும் வாயசைவும் ஓரளவு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். மொழிமாற்றுப் படங்களில் அது முழுதாக ஒத்துப்போகாது, அதை மன்னிக்க வேண்டும். "இடைவேளை" என்ற எழுத்து வருகிற பிரதி கிடைத்தால் விடவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிடித்த பிரதியை வெள்ளி இரவே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. சனி இரவு எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் எதையாவது பார்ப்பார்கள். அம்மன் சூலத்தை ஓங்கிய கையோடு திரையில் வட்டம் சுற்றத் தொடங்கினால் கோபம் நமக்குத்தான் வரும், அம்மனுக்கு அல்ல.

வெளிநாட்டை முந்துங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் அமைதியைக் கெடுப்பது பக்கத்து வீட்டு நாயும் கோயில் ஒலிபெருக்கியும் என்று நினைத்தால், உங்களுக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லை என்று அர்த்தம். கணக்கைப் பாருங்கள். இங்கே சனி இரவு எட்டு மணி என்றால், கோடையில் லண்டனில் பின்னேரம் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. அங்கே குளிர்காலம் என்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தி இருப்பார்கள். லண்டனில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஓய்ந்திருக்கும் நேரம், கனடாவில் நித்திரையால் எழும்பித் தேத்தண்ணியோடு இருக்கும் நேரம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஊர் ஞாபகம் வரும். போன் வீடியோவோடுதான் வரும், பின்னால் ஓடுகிற ரிவியும் அவர்களுக்குத் தெரியும்.

"என்ன மாமி, இப்பவும் பாம்புப் படமோ பாக்கிறியள்?"

எடுக்காமல் விட முடியாது. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு எடுத்து, அவர்கள் மதிலால் எட்டிப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் கேற்றடியில் வந்து நிற்பார்கள். ஆகவே ஆறு மணிக்கு நீங்களே எடுத்துவிடுங்கள். அப்போது லண்டனில் மத்தியானம் ஒன்றரை, சமையலில் நிற்பார்கள், கனக்கக் கதைக்க மாட்டார்கள். ரொறன்ரோவில் காலை எட்டரை. பாதி நித்திரையில் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். சுகம் விசாரித்தாயிற்று, கடமை முடிந்தது, இரவு உங்களுடையது.

கோயிலை முந்த முடியாது, அதற்கு நாட்காட்டி பார்க்க வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை ஏதாவதொரு கோயிலில் திருவிழா இருக்கும். தேர், பூங்காவனம் வருகிற இரவுகளில் வீட்டிலிருந்து படம் பார்க்க வெளிக்கிடாதீர்கள், நாதஸ்வரத்தின் முன் எந்த ரிவியும் எடுபடாது. அன்றைக்குக் கோயிலுக்கே போய், திரும்பி வரும்போது கச்சான் கடையில் அடுத்த கிழமைக்குத் தேவையானதை வாங்கி வரலாம். மணலில் வறுத்த கச்சான் இறுக்கமான போத்தலில் கெடாமல் இருக்கும்.

சாப்பாடு

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துவிடுங்கள். குசினியில் நின்று மெனக்கெடாதீர்கள். புட்டும் மத்தியானக் குழம்பின் மிச்சமும், அல்லது கடை இடியப்பமும் வீட்டுச் சம்பலும். கொத்துரொட்டி வாங்கலாம், ஆனால் அது வயிற்றில் இறங்கினால் இடைவேளை வரை கண் விழித்திருக்க ஏலாது. புரட்டாசிச் சனி விரதக்காரருக்கு இரவு பலகாரம் என்று ஒரு வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

படத்தோடு கொறிப்பதற்கு நான் சொல்வது புழுக்கொடியல்.

பனங்கிழங்கை அவித்துப் பிளந்து வெயிலில் காயவிட்டால் புழுக்கொடியல், அவிக்காமல் காயவிட்டால் ஒடியல். ஒடியல் மாவுக்கும் கூழுக்கும் போகும், புழுக்கொடியல் நேரே வாய்க்கு வரும். மார்கழி, தை மாதங்களில் கிழங்கு மலிவாகக் கிடைக்கும்போது அவித்துக் காயப்போட்டால் வருடம் முழுக்க வரும். தகரப் பேணியில் போட்டு இறுக்க மூடி வையுங்கள், காற்றுப் பட்டால் இளகிவிடும். சின்னதாக முறித்து, தேங்காய்ச் சொட்டோடு சேர்த்துச் சப்ப வேண்டும். படத்துக்கு இதைப் போல ஒத்துழைக்கிற தின்பண்டம் வேறில்லை. மிக்சர் என்றால் பெயர் போட்டு முடிவதற்குள் கோப்பை காலி. புழுக்கொடியலின் ஒரு துண்டு ஒரு பாட்டு முழுவதும் வரும், தாடைக்கு வேலை இருப்பதால் நித்திரையும் வராது. பல் கட்டியவர்கள் பருத்தித்துறை வடைக்குப் போங்கள். அதுவும் நொறுங்குகிற சத்தம் போடும், வசனம் கேட்காது. வசனம் கேட்காவிட்டால் என்ன, எல்லாம் தெரிந்ததுதானே.

குடிக்க இஞ்சி போட்ட பிளேன்ரீ, கடிக்கப் பனங்கட்டி. வெக்கைக் காலத்தில் நெல்லிக் கிறஷ். ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டுமென்றால் நல்லூரடிக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வீட்டுக்குக் கொண்டு வந்தால் அது பாயாசம்.

அறை

ஆறு மணிக்கு யன்னல்களைச் சாத்துங்கள். நுளம்பு இருளும் நேரத்தில்தான் உள்ளே வரும். வகுப்பில் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: டெங்கைப் பரப்புகிற ஈடிஸ் பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும், விடிந்த பிறகும் பொழுது படுவதற்கு முன்னும் அதற்கு உற்சாகமான நேரம். இரவில் காதுக்குள் பாடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். அதற்காக அதைக் கடிக்கவிட வேண்டியதில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு யன்னலைத் திறந்து காற்றை விடலாம், வலை அடித்திருந்தால்.

மாரியில் சாய்மனைக் கதிரை, பங்குனி சித்திரையில் சீமெந்து நிலத்தில் பாயும் தலகணியும். சோபா வேண்டாம். அது விருந்தினருக்கு வாங்கியது, அதிலிருந்தால் முதுகு நிமிர்ந்துவிடும், முதுகு நிமிர்ந்தால் மரியாதை வந்துவிடும். ரியூப் லைற்றை அணைத்துவிட்டு ரிவிக்குப் பின்னால் ஒரு சின்ன மின்குமிழை மட்டும் எரிய விடுங்கள், கண்ணுக்கு இதம். ஹெட்போன் போடுகிறவர்களை எனக்கு விளங்கவில்லை. இந்தப் படங்களின் உடுக்கைச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் பத்து மணிக்குப் பிறகு அயலுக்காகக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். அம்மன் ஆவேசமாக வருவது பெரும்பாலும் பத்தரைக்குத்தான்.

கரண்ட் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிச்சயம் போகும். மடிக்கணினியின் பற்றரியை நிரப்பி, இறக்கிய படத்தை அதில் வைத்திருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது கொழும்பில் படிக்கிற என் மகள் அழாத குறையாகக் கதைத்தாள். எங்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வருடக்கணக்கில் கரண்ட் இருக்கவில்லை. ஒழுங்கைக்காரர் காசு சேர்த்து ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுப்பார்கள். பெற்றோல் கிடைக்காது, சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்து மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகை மணமும் இரைச்சலுமாக முற்றத்தில் விடிய விடியப் படம் ஓடும். கிழவிகள் கேட்பதால் சாமிப் படம் முதலில், இளந்தாரிகளின் சண்டைப் படம் அதற்குப் பிறகு. சின்னப்பிள்ளைகள் நாங்கள் முதல் படம் முடியவே பாயில் சரிந்துவிடுவோம். அதனால் நான் முழுதாகப் பார்த்து வளர்ந்ததெல்லாம் சாமிப் படமும் பாம்புப் படமும்தான். என் இரசனையில் குறை காண்பவர்கள் அந்த வரிசையை ஒழுங்கு செய்தவர்களிடம் போய்க் கேளுங்கள்.

படம் தொடங்கிய பிறகு

போனைக் குசினியில் வையுங்கள். அந்த நடிகை இப்போது எங்கே இருக்கிறாள், அந்த யானைக்கு என்ன நடந்தது என்றெல்லாம் நடுவில் தேடக் கூடாது.

முக்கியமானது, கிண்டல் செய்யாதீர்கள். கூட்டமாக இருந்தால் கிண்டல் தானாக வரும். ஒருவர் தொடங்குவார், மற்றவர் எடுத்துக் கொடுப்பார், அதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறதுதான். தனியே இருக்கும்போது கிண்டல் செய்வதற்கு ஆள் இல்லை, நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். நாகம் ரப்பர் என்று தெரிகிறது, நூல் கூடத் தெரிகிறது. சரி. அந்தப் பெண்ணை மாமியார் வீட்டை விட்டுத் துரத்தும்போது நாகம் படியடியில் வந்து படம் எடுத்து நிற்கிறதா இல்லையா? நிற்கிறது. அழுகை வந்தால் அழுங்கள்.

இடைவேளை என்று எழுத்து வந்ததும் படத்தை நிறுத்துங்கள். இந்தப் படங்களை எடுத்தவர்கள் இடைவேளையை நம்பித்தான் கதை கட்டினார்கள். வில்லன் புற்றை இடிக்கக் கடப்பாரையை ஓங்குவான், அந்த இடத்தில்தான் எழுத்து வரும். தியேட்டரில் அந்தப் பத்து நிமிடமும் சனம் வெளியே நின்று என்ன நடக்கும் என்று கதைத்தது. நிறுத்தாமல் ஓட விட்டால் அடுத்த நொடியே புழுதியோடு நாகம் எழும்பிவிடும், ஏங்குவதற்கு நேரம் கிடைக்காது. ஆகவே எழும்பிப் போய்ப் பிளேன்ரீ ஊற்றுங்கள், கடப்பாரை காத்திருக்கட்டும்.

இடைவேளைக்குப் பிறகு என் வீட்டில் ஒன்று நடக்கும், உங்கள் வீட்டிலும் நடக்கலாம். ஒன்பது மணிக்கே படுக்கப் போன மனுசன் தண்ணி குடிக்க எழும்பி வருவார். வாசல் நிலையில் சாய்ந்து நின்று, "இஞ்சரும், இது இன்னும் முடியேல்லையே?" என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள். "வந்து இருங்கோவன்" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் தான் பார்க்கவில்லை என்று நிரூபிப்பதற்காகவே படுக்கப் போய்விடுவார். பேசாமல் இருந்தால் அப்படியே நிலையில் சாய்ந்தபடி முடிவு வரை பார்ப்பார். புழுக்கொடியல் கோப்பையை அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் தள்ளி வைப்பது தவறில்லை.

படம் முடிய பதினொன்று ஆகும். கிணற்றடிக்கோ வெளிக் குளியலறைக்கோ போக வேண்டியிருந்தால் செருப்பைப் போட்டு, ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு போங்கள். இது படம் பார்த்த பயத்தில் சொல்வதில்லை. மழைக்காலத்தில் புடையன் பாம்பு பாதையோரம் கிடக்கும், அது யாரையும் பழிவாங்க வந்ததல்ல, எலி பிடிக்க வந்தது. மிதித்தால்தான் வினை.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் யாராவது வார இறுதி எப்படிப் போனது என்று கேட்பார்கள். "ஊர்வனவற்றைப் பற்றி ஒரு படம் பார்த்தேன், இரண்டரை மணித்தியாலம்" என்று சொல்வேன். உயிரியல் ரீச்சர்தானே, மேலே ஒருவரும் கேட்பதில்லை.